மறு: அணுமின் நிலைய நிதியில் நூலகக் கட்டடம் – வாங்கலாமா, வேண்டாமா?

அனைவருக்கும் வணக்கம்.

துபாய் அண்ணாச்சியின் மடலுக்கு வந்த பதில்களை எல்லாம் உட்கார்ந்து படித்து முடித்தேன். அவர் கேட்டது சின்ன விஷயம். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நூலகக் கட்டடம் ஒன்று வேண்டும், கூடங்குளம் அணுமின் நிலையம் சுற்றுவட்டார நலனுக்கு ஒதுக்குகிற சமூகப் பொறுப்பு நிதியில் கேட்டால் கிடைக்கும்போலிருக்கிறது, சங்கத்தின் பெயரில் மனு கொடுக்கலாமா என்றார். அதற்குள் குவைத் மச்சான், "அந்தக் காசைத் தொட்டுட்டு 2012-ல நிலையத்தை எதிர்த்துப் போராடி அடி வாங்குனவன் மூஞ்சியில எப்படி முழிக்க?" என்று எழுத, சிங்கப்பூர்த் தம்பி, "கரண்டு மட்டும் வேணும், உலை வேண்டாமாக்கும்" என்று திருப்ப, அதன்பிறகு நடந்தது கோயில் கொடை முடிந்து வரிக் கணக்கு வாசிக்கும்போது நடக்கிற அதே கூத்துதான். நூலகத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதியை வாங்கலாம். அது யாரும் நமக்குப் போடுகிற பிச்சை அல்ல. ஏன் என்று கீழே எழுதுகிறேன். ஆனால் செங்கலும் சிமெண்டும் மட்டும் கேட்டு மனு எழுதினால், கேட்க வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ கேட்டுவிட்டு வந்தவர்கள் ஆவோம். அந்த நிலையத்திடமிருந்து ஊருக்கு இத்தனை வருடமாக வராதது கட்டடம் அல்ல, தகவல்.

குழுவில் இப்போது பாதிப்பேர் இளவட்டம். 2011-ல் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். அவர்களுக்காகப் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1988 நவம்பர் 20-ல் இந்த நிலையத்துக்கான ஒப்பந்தத்தில் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வருடமே மே 1-ல் கன்னியாகுமரியில் மீனவர் பேரணி நடந்தது, அதில் போலீஸ் துப்பாக்கிச்சூடும் நடந்தது. ஆக எதிர்ப்பு 2011-ல் திடீரென்று முளைத்ததல்ல, திட்டத்தோடு கூடவே பிறந்தது. குளிர்விக்கவும் குடிக்கவும் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் என்று முதலில் பேச்சு வந்தது. குமரி மாவட்ட விவசாயிகள் விடுவார்களா? கடைசியில் நிலையத்துக்குள்ளேயே கடல்நீரை நன்னீராக்கும் ஆலை வைத்துக்கொண்டார்கள். நடுவில் சோவியத் நாடே இல்லாமல் போய், திட்டம் கிடப்பில் கிடந்து, 1998-ல் ரஷ்யாவோடு துணை ஒப்பந்தம் போட்டு, 2002 மார்ச் 31-ல் கான்கிரீட் கொட்ட ஆரம்பித்தார்கள்.

முதல் உலை 2007 டிசம்பரில் ஓடியிருக்க வேண்டியது. உள்ளே அணுப்பிளவு தானாகத் தொடர்கிற தொடர்வினை தொடங்கியதே 2013 ஜூலை 13-ல்தான். வணிக உற்பத்தி என்று அறிவித்தது 2014 டிசம்பர் 31-ல். இரண்டாவது உலை 2017 மார்ச் 31-ல் அந்த நிலைக்கு வந்தது. 13,171 கோடி ரூபாய் என்று ஆரம்பித்த மதிப்பீடு 22,462 கோடிக்குப் போனதாக இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையே சொல்கிறது. 2017-ல் மூன்று, நான்கு. 2021-ல் ஐந்து, ஆறு என்று மீதி உலைகளுக்கும் அடித்தளம் போட்டாயிற்று. எல்லாம் முடிந்தால் ஒரே வளாகத்தில் 6,000 மெகாவாட். இந்த நிலைமையில் "உலை வேண்டுமா, வேண்டாமா" என்று மடற்குழுவில் நாம் சண்டை போடுவதால் ஒரு பம்பு கூட நிற்கப்போவதில்லை, ஒரு யூனிட் கூடவும் போவதில்லை.

சிங்கப்பூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. உலை நின்றால் ஊரே இருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு இல்லை. முதல் இரண்டு உலைகளின் 2,000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 925. கர்நாடகத்துக்கு 442, கேரளாவுக்கு 266, புதுச்சேரிக்கு 67, மீதி 300 மத்திய அரசின் கையில். அந்த மின்சாரம் நம்ம ஊர் டிரான்ஸ்பார்மருக்கு நேரே வருவதும் இல்லை. 400 கிலோவோல்ட் கம்பியில் திருநெல்வேலிப் பக்கத்து அபிஷேகப்பட்டித் துணைமின் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து தென்மாநிலங்களின் பொதுவலையில் கலந்துவிடுகிறது. 2024 மே 2-ல் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். அதில் வைத்துப் பார்த்தால் கூடங்குளத்துப் பங்கு இருபதில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு.

அதற்காகக் குவைத் மச்சான் சொல்வதுபோல் "ஒன்றுக்கும் உதவாதது" என்றும் தள்ள முடியாது. ஆரல்வாய்மொழியிலிருந்து நம்ம ராதாபுரம் பக்கம் வரை நிற்கிற காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை பேயாட்டம் ஆடும்; ஐப்பசி பிறந்தால் பாதி நாள் சும்மா நிற்கும். உலை அப்படி இல்லை. எரிபொருள் மாற்ற நிறுத்துகிற காலம் போக இரவும் பகலும் ஒரே சீராக ஓடுவதுதான் அதன் வேலை. ஆரம்ப வருடங்களில் முதல் உலை அடிக்கடி நின்றது உண்மை. இப்போது நிலைமை வேறு. 2012-ல் சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கரண்டு போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரன் "கூடங்குளத்தைத் திறங்க" என்று கேட்டதும், நிலையத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான இடிந்தகரைக்காரன் "மூடுங்க" என்று கேட்டதும் ஒரே சமயத்தில்தான். இரண்டு பேர் கேட்டதிலும் வயிற்றுப்பாடு இருந்தது.

துபாய் அண்ணாச்சிக்கும் ஒரு சங்கதி. உங்கள் ஊர் ஏசி ஓடுவதிலும் உலையின் பங்கு இருக்கிறது. அபுதாபிக்கு மேற்கே கடற்கரையில் பராக்கா என்ற இடத்தில் நான்கு உலைகள், 5,600 மெகாவாட், அமீரகத்து மின்தேவையில் கால் பங்கு. எண்ணெய்க் கிணற்றின் மேல் உட்கார்ந்திருக்கிற நாடே அணு உலை கட்டியிருக்கிறது. என்ன, அங்கே பக்கத்தில் இடிந்தகரை, கூத்தங்குழி, பெருமணல் மாதிரி கடலை நம்பிய ஊர்கள் வரிசையாக இல்லை, பாலைவனம்தான். நம் பக்கத்துச் சிக்கலே அந்த வரிசைதான்.

கடலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் "உலைத் தண்ணீர் கடலில் கலக்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது அப்படியே உண்மை அல்ல. உலைக்குள் சுற்றுகிற தண்ணீர் தனி வளையம். அதன் சூட்டை வாங்கி ஆவியாகி டர்பைனைச் சுற்றுகிற தண்ணீர் இரண்டாவது வளையம். அந்த ஆவியைத் திரும்பத் தண்ணீராக்கத்தான் கடல்நீர். அது குழாய்க்கு உள்ளே ஓடி, வெளிப்பக்கம் இருக்கிற ஆவியின் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறது. (கழிவுநீரைச் சுத்திகரித்து, அனுமதித்த அளவுக்குள் கதிரியக்கம் இருந்தால் அந்தக் கடல்நீரோடு சேர்த்து விடுவது தனி ஏற்பாடு, பல நாட்டு நிலையங்களிலும் உள்ளது.) பெரிய விஷயம் சூடு. ஒரு உலை 3,000 மெகாவாட் வெப்பம் கக்குகிறது, மின்சாரமாவது 1,000. மிச்சம் 2,000 கடலுக்கு. வெளியே விடும் தண்ணீர் கடல்நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக்கூடாது என்பது அனுமதியின் நிபந்தனை.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,000 மெகாவாட் சூட்டை 7 டிகிரிக்குள் கரைக்க விநாடிக்கு ஏறத்தாழ 70 கன மீட்டர் கடல்நீர் ஓட வேண்டும். நம்ம ஊர்க் கணக்கில் 2,400 கன அடிக்கு மேல். கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையில் திறக்கிற தண்ணீர்கூடப் பல நாள் இவ்வளவு இருக்காது. இது ஒரு உலைக்கு. ஆறும் ஓடினால் பதினாலாயிரம், பதினைந்தாயிரம் கன அடி வெந்நீர், ராவும் பகலும், அதே கரையில். உறிஞ்சுகிற வாயில் மீன் சிக்காமல் இருக்கக் காற்றுக் குமிழித் திரை எல்லாம் வைத்திருக்கிறார்கள், அது பாராட்டத்தக்கது. ஆனால் சிங்கி இறால் பாறையிடுக்கில் வாழ்கிற ஜீவன். அதன் குஞ்சும் சாளைக் குஞ்சும் அந்தச் சூட்டில் என்ன ஆகிறது என்று கேட்டால், மீனவர்கள் "மீன் விலகிப்போச்சு" என்கிறார்கள், நிலையத்தார் "ஒன்றும் ஆகவில்லை" என்கிறார்கள். சும்மா வாய்வார்த்தை எதற்கு? கரையில் ஒரு பலகை வைத்து அன்றன்றைக்கு உள்ளே போகிற தண்ணீரின் சூடு இவ்வளவு, வெளியே வருவது இவ்வளவு என்று எழுதிப் போட்டால் பாதிச் சண்டை தீரும். சாராயக்கடையிலேயே விலைப்பலகை வைக்கிற நாட்டில் இது முடியாதா?

(கரைக்காரர்களின் அறிவைக் கேட்காததற்கு ஒரு வேடிக்கை உதாரணம்: 2023 செப்டம்பரில் ஐந்து, ஆறாம் உலைகளுக்கான இரண்டு நீராவி உற்பத்திக் கலன்களைத் தூத்துக்குடியிலிருந்து மிதவையில் ஏற்றி இழுத்து வந்தார்கள். ஒவ்வொன்றும் முந்நூறு டன்னுக்கு மேல். நிலையத்து வாசலுக்கு வந்துவிட்ட பிறகு கயிறு அறுந்து மிதவை பாறையில் போய் உட்கார்ந்துகொண்டது. மீட்க வாரக்கணக்கில் பாடுபட்டார்கள். அந்தப் பாறை எங்கே கிடக்கிறது என்று கூத்தங்குழிச் சிறுவனுக்குக்கூடத் தெரியும்.)

இப்போது நான் முக்கியமாக எழுத வந்த இடம்.

2011-ல் ஜப்பானில் புகுஷிமா வெடித்ததை டிவியில் பார்த்த கையோடு, நம் பக்கம் இரண்டு காரியம் நடந்தது. முதல் உலையில் எரிபொருள் போடாமலே சூட்டோட்டம், அதாவது எந்திரங்களைச் சூடாக்கி ஓட்டிப் பார்க்கிற சோதனை, பார்த்தார்கள். ஆவி பீறிட்ட சத்தத்தில் சுற்றுவட்டாரமே அலறிவிட்டது. கூடவே அவசரகால ஒத்திகை என்று ஒரு அறிவிப்பு: மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்ளுங்கள், கதவு ஜன்னலைச் சாத்துங்கள் என்ற மாதிரி. அதுவரை "ஒரு ஆபத்தும் வராது" என்று கேட்டுக்கொண்டிருந்த சனம் முதல்முறையாக "வந்தால் என்ன செய்ய வேண்டும்" என்று கேள்விப்பட்டது. பயம் வராமல் என்ன செய்யும்? இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் எழும்பியது. செப்டம்பர் 11-ல் 127 பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். போராட்டத்துக்கு வெளிநாட்டுப் பணம், அந்நியச் சதி என்று என்னென்னவோ பேசினார்கள். ஒத்திகை அறிவிப்பை யாராவது வீடு வீடாக வந்து உட்கார்ந்து விளக்கியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம் என்பது என் எண்ணம்.

நான் இப்போது இருப்பது டொராண்டோவுக்குக் கிழக்கே, ஏரிக்கரையில் இருக்கிற பிக்கரிங் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்து ஊரில். இங்கே நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் அயோடைடு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஐம்பது கிலோமீட்டர் வரை உள்ளவர்கள் கேட்டால் இலவசமாகத் தபாலில் வரும். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஒரு சின்ன அட்டைப்பெட்டி. உள்ளே மாத்திரை, எந்த வயதுக்கு எவ்வளவு என்று ஒரு தாள், எப்போது விழுங்க வேண்டும், எப்போது கூடாது என்று நாலு வரி. காய்ச்சல் மாத்திரையோடு அதே டப்பாவில் கிடக்கிறது. அது கதிர்வீச்சுக்கு முழு மருந்தல்ல. விபத்தில் கதிரியக்க அயோடின் காற்றில் வந்தால், அதற்கு முன்னாடியே தைராய்டுச் சுரப்பியை நல்ல அயோடினால் நிரப்பி வைக்கிற ஏற்பாடு, அவ்வளவே. குழந்தைகளுக்குத்தான் அது அதிகம் தேவை. ஆனால் நேரத்துக்குப் போட வேண்டும். அரை நாள் கழித்துப் போட்டுப் பெரிய பிரயோஜனம் இல்லை.

2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியது. பிக்கரிங் நிலையத்தில் ஏதோ நடந்திருக்கிறது, கதிரியக்கம் ஒன்றும் வெளியேறவில்லை என்று செய்தி. பயிற்சிக்கு வைத்திருந்த செய்தியைத் தவறுதலாக அனுப்பிவிட்டார்கள் என்று சரிசெய்ய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. மாகாணமே திட்டித் தீர்த்தது. அதற்கப்புறம் விசாரணை நடந்து, எந்தப் பணியாளர் எந்த இடத்தில் சறுக்கினார் என்பது வரை அறிக்கை வெளியிட்டார்கள். மாத்திரை கேட்டுப் பதிவு செய்தவர்கள் அந்த இரண்டு நாளில் ஆயிரக்கணக்கில். யாரும் அவர்களை நாட்டுக்கு விரோதி என்று சொல்லவில்லை.

ஊரில் பெரியப்பாவைக் கேட்டேன்: "சைரன் அடிச்சா எங்க போகணும்னு தெரியுமா?" அவர் சொன்ன பதில்: "கோயிலுக்குத்தான்." நம்ம ஊர் நிலையத்திலிருந்து 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள் வருகிறது. அந்த வட்டத்துக்குத்தான் மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் அவசரகாலத் திட்டம் ஒன்று இருக்க வேண்டும்: எந்த ஊர் எந்தப் பாதையில், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, எத்தனை பஸ், மாத்திரை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில். எரிபொருள் நிரப்புவதற்கு முன்னால் 2012 ஜூனில் நக்கனேரியில் ஒத்திகையும் நடத்தினார்கள். அதில் நம்ம ஊரார் யாரும் கலந்துகொண்டதாகக் கேள்விப்படவில்லை. திட்டம் அலுவலக அலமாரியில் இருந்தால் பெரியப்பாவுக்கு என்ன பிரயோஜனம்?

தகவல் தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 அக்டோபரே சாட்சி. நிலையத்துக் கணினியில் வைரஸ் என்று பேச்சு கிளம்பியதும் 29-ம் தேதி "பொய்ச் செய்தி, அப்படி நடக்கவே வாய்ப்பில்லை" என்று நிலையத்தார் அறிக்கை. 30-ம் தேதி நிலையத்தை நடத்துகிற அணுமின் கழகமே "ஆமாம், நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் இருந்தது, செப்டம்பர் 4-லேயே எங்களுக்குத் தகவல் வந்தது" என்றது. உலையை ஓட்டுகிற கணினிகள் தனி, வெளி வலையோடு தொடர்பில்லாதவை, ஆகவே ஆபத்தில்லை என்றார்கள், அதை நம்புகிறேன். ஆனால் முதல் நாள் சொன்னதையும் மறுநாள் சொன்னதையும் ஊரான் இரண்டையும் ஒன்றாகத்தானே படிக்கிறான்?

அடுத்தது எரிந்த எரிபொருள். உலையில் 163 எரிபொருள் கட்டுகள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புதிது வைக்கிறார்கள். எடுத்தது உலைக்குப் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். சூடும் கதிரியக்கமும் அவ்வளவு. 1988 ஒப்பந்தப்படி அதை சோவியத் நாடு திரும்ப எடுத்துக்கொள்வதாக இருந்தது. 1998-ல் அது மாறி, இங்கேயே தங்குகிற சரக்காகிவிட்டது. தொட்டியில் இடம் சில வருடத்துக்குத்தான். ஆகவே உலைக்கு வெளியே, அதே வளாகத்தில் ஒரு கிடங்கு கட்ட ஐந்து வருடம் என்று உச்ச நீதிமன்றத்தில் பேச்சு. அது 2018-ல் முடியாமல் 2022 வரை அவகாசம் வாங்கினார்கள். 2019 ஜூலை 10-ல் ராதாபுரத்தில் நடக்க இருந்த பொது விசாரணை எதிர்ப்பினால் தள்ளிப்போனது. கிடங்கு என்பது இடைக்காலத்துக்கு. பூமிக்கடியில் ஆழத்தில் நிரந்தரமாக வைக்கிற இடம் இந்தியாவில் இன்னும் கிடையாது. விபத்து வருமா வராதா என்று மாய்ந்து மாய்ந்து எழுதுகிறோம். அது நடந்தால்தான் கவலை. எரிந்த எரிபொருள் சேர்வதோ தினமும் நடந்துகொண்டிருக்கிறது, நம் பேரன் காலத்திலும் அங்கேதான் இருக்கும். என்னைக் கேட்டால் உலையைவிட இதைப் பற்றித்தான் ஊர் அதிகம் கேட்க வேண்டும்.

குவைத் மச்சானின் கோபத்துக்கு வருகிறேன். 2012 செப்டம்பர் 10-ல் இடிந்தகரைக் கடற்கரையில் கண்ணீர்ப்புகை போட்டு, பெண்கள் பிள்ளைகளோடு கடலுக்குள் இறங்கி நின்றதை நாம் எல்லாரும் போனில் பார்த்தோம். அதே நாள் மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச்சூட்டில் செத்தார். ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு. இந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு அதன் வலி வேறு விதத்தில் தெரியும். முதல் தகவல் அறிக்கையில் "இன்னாரும் மற்றும் பலரும்" என்று எழுதியிருந்தால் அந்த "பலரும்" யார் என்று யாருக்குத் தெரியும்? என் அத்தை மகனுக்கு கத்தாரில் விசா வந்து கையில் இருந்தது. போலீஸ் விசாரணையில் பாஸ்போர்ட் நின்றது. அவன் அன்றைக்குக் கடற்கரைப் பக்கமே போகவில்லை, வள்ளியூரில் வெல்டிங் பட்டறையில் இருந்தான். விசா காலாவதியானது. இப்போது அதே நிலையத்தில் ஒப்பந்தக்காரரிடம் வெல்டராக இருக்கிறான். மூன்றாம் நாலாம் உலைக் குழாய்களில் அவன் கைப்பட்ட பற்றவைப்பும் இருக்கும். அவனிடம் "காசைத் தொடலாமா" என்று கேட்டேன். "நான் தினமும் தொடுதேன்லா" என்றான்.

வேலை விஷயத்தில் நிலம் கொடுத்தவர்களுக்குச் சொன்னதும் நடந்ததும் ஒன்றல்ல என்பது ஊர் அறிந்தது. ஒப்பந்தக் கூலி வேலை கிடைக்கிறது, நிரந்தர வேலைக்குத் தேர்வு எழுத வேண்டும், அதில் வெளிமாநிலத்தார் வருகிறார்கள். கூடங்குளம் பஜார் வளர்ந்தது, செட்டிகுளத்தில் நிலையத்துக் குடியிருப்பு வந்தது, வீட்டு வாடகை ஏறியது, ரஷ்யர்களுக்குக் காய்கறி விற்றுச் சிலர் ரஷ்ய எண்களும் படித்துக்கொண்டார்கள். இதில் புதிதாக நான் சொல்ல ஒன்றும் இல்லை. நம்ம ஊரில் ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வுக்குத் தனிப்பயிற்சி கொடுக்கச் சங்கம் பணம் ஒதுக்கலாம் என்று சிங்கப்பூர்த் தம்பி போன வருடமே சொன்னார். அது நல்ல யோசனை, தூங்குகிறது.

சரி, இரண்டு கட்சியும் ஒரே தாளில் எங்கே கையெழுத்துப் போடலாம்? 2013 மே 6-ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பில். நிலையத்துக்கு அனுமதி கொடுத்த தீர்ப்பு என்று ஆதரவாளர்கள் கொண்டாடினார்கள். எதிர்த்தவர்கள் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கடைசிப் பக்கங்களை இரண்டு பேரும் படித்த மாதிரி தெரியவில்லை. அனுமதியோடு 15 கட்டளைகள் இருக்கின்றன. நிலையத்துக்கு உள்ளும் புறமும் அவ்வப்போது அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும். எரிந்த எரிபொருளை ஆழ்நிலக் கிடங்கில் வைக்கச் சீக்கிரம் ஏற்பாடு செய்ய வேண்டும். போராடியவர்கள் மேலுள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும். அதில் சில வழக்குகள் வாபஸாக எட்டு வருடம் ஆனது. சமூகப் பொறுப்பு நிதியை மாவட்ட ஆட்சியரோடு சேர்ந்து சுற்றுவட்டார மக்களுக்கு முழுப் பயன் தரும்படி செலவழிக்க வேண்டும், அதைக் கண்காணிக்கவும் வேண்டும். 2012 மார்ச்சில் ஜெயலலிதா அறிவித்த 500 கோடி வளர்ச்சித் திட்டத்தையும் முடிக்க வேண்டும். ஆக மச்சான், அந்தக் காசு நீதிமன்றம் சொல்லி வருகிற காசு. அதே நீதிமன்றம் அதே தாளில் சொன்ன மற்றவற்றையும் சேர்த்துக் கேட்காமல் காசை மட்டும் வாங்குவதுதான் முகத்தில் முழிக்க முடியாத காரியம்.

நான் முன்வைப்பது இது. நூலகத்துக்கு மனு கொடுப்போம். அந்த மனுவிலேயே, நூலகத்தில் ஒரு அலமாரி நிலையத்துக்கென்று இருக்கும், அதில் மூன்று சமாச்சாரம் தமிழில் வைக்கப்பட வேண்டும் என்று எழுதுவோம்: நம்ம ஊருக்கான அவசரகால வெளியேற்றத் திட்டம், வரைபடத்தோடு. கடல்நீர்ச் சூட்டின் கணக்கு. நிலையத்தோடு சேர்ந்த சுற்றுச்சூழல் ஆய்வகம் 30 கிலோமீட்டர் வரை மீன், பால், காய்கறி, மண், தண்ணீர் எடுத்துப் பார்க்கிறதல்லவா, அதன் வருடாந்தர முடிவுகள். ஆய்வகத்து ஆட்கள் நம்ம ஊர்ப் பால்காரரிடம் மாதிரி வாங்கிக்கொண்டு போவது எல்லாருக்கும் தெரியும். முடிவு என்ன என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. "நல்லாத்தான் இருக்கும்போல, இல்லன்னா வாங்க மாட்டாவல்லா" என்று அவர் சிரிக்கிறார்.

மனுவுக்கு முன்னால் ஒரு தகவல் உரிமை விண்ணப்பம் போக வேண்டும். இங்கே ஒரு சிக்கல்: இந்தியக் குடிமக்கள்தான் கேட்க முடியும். கனடா பாஸ்போர்ட் எடுத்துவிட்ட நானும், ஆஸ்திரேலியா அக்காவும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டையை வைத்துக்கொண்டு வேடிக்கைதான் பார்க்கலாம். வளைகுடாவில் இருக்கிற நீங்கள் எல்லாரும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள். அணுமின் கழகம் மத்திய அரசு நிறுவனம், ஆன்லைனிலேயே பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். "பாதுகாப்புக் காரணம்" என்று சிலதை மறுப்பார்கள். உலையின் வரைபடத்தை நாம் கேட்கவில்லை, ஊர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றுதான் கேட்கிறோம். அதை மறுத்தால் மேல்முறையீடு செய்வோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அதே சட்டப்படி தனி விண்ணப்பம். அதை ஊரில் இருக்கிற யாராவது நேரில் கொடுப்பது நல்லது. கொடைக்குப் போகிறவர்கள் அப்படியே ஆகஸ்ட் 15 கிராம சபைக்கும் இருந்துவிட்டு வந்தால், ஒத்திகையை நம்ம ஊரில் நடத்தக் கேட்டுத் தீர்மானம் போட்டுவிடலாம். கிராம சபைத் தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிட்டால் அதை யாரும் "வெளிநாட்டுக்காரன் தூண்டுதல்" என்று சொல்ல முடியாது.

விண்ணப்பத்தை யார் பெயரில் போடுவது? குவைத் மச்சானும் சிங்கப்பூர்த் தம்பியும் சேர்ந்து போட வேண்டும் என்பது என் ஆசை. கேள்விகளை நான் எழுதித் தருகிறேன். வரைவு நாளைக்கு இதே தலைப்பில் வரும், திருத்தம் இருந்தால் எல்லாருக்கும் பதில் போடுங்கள், எனக்கு மட்டும் தனியாக அனுப்ப வேண்டாம். போன தடவை கிணறு தூர்வாரின விஷயத்தில் பாதிப்பேர் தனியாக எழுதி, பொருளாளருக்கு ஒன்றும் புரியாமல் போனது.

அன்புடன்,
உங்கள் ஏரிக்கரைக்காரன்

பி.கு.: பெரியப்பா வீட்டு மாடியில் செல்போன் சிக்னல் சுத்தமாக இல்லை. அவசரச் செய்தி போனில்தான் வரும் என்று திட்டத்தில் இருந்தால், அதையும் கேள்விகளில் சேர்க்க வேண்டும்.